மூன்று சுழி

டிராம் தண்டவாளத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, கையில் சுருட்டிய போர்வை. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு தமிழ்ச் சங்க மண்டபத்தை விட்டு வெளியேறிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். நான்கு வாரமாக அந்த மண்டபத்தைக் கூட்டித் துடைத்து, சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் படுத்தேன். அன்றைய விழா முடிந்ததும் என்னை ஹவுஸ்மைஸ்டராக வைத்து, மண்டபப் பராமரிப்புக்கு ஒப்பந்தம் எழுதுவதாகத் தலைவர் சொல்லியிருந்தார். எழுதினால் மாரிக் குளிர் முழுக்க அறை என்னுடையது.

கெடுத்தது ஓர் எழுத்து.

விழாவில் ஒரு விவாதம். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்தது சரியா, தமிழில் படித்திருக்க வேண்டுமா என்று. கையெழுத்து அழகு என்று பதாகை எழுத என்னிடம் தூரிகையைத் தந்தார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ‘காலனித்துவ ஆட்சி’ என்பதில் மூன்று சுழி ‘ண’ போட்டுவிட்டேன். காலணி என்றால் செருப்பு, சப்பாத்து. சனம் நிறைந்தபிறகுதான் கண்டார்கள்.

“சப்பாத்து ஆட்சியாம்!” என்று ஒருவர் கத்தினார். மண்டபமே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. அவர் ஊரில் பாதிரிமார் கட்டிய ஆங்கிலக் கல்லூரியில் படித்தவர். வாரத்துக்கு நாலு தரம் அதைச் சொல்வார்.

“பள்ளிக்கூடம் முடிக்காததுகளிட்டைத் தூரிகையைக் குடுத்தது என்ரை பிழை” என்றார் ஒலிவாங்கியில்.

பொறுத்துக்கொண்டேன். பாதிரிமார் வந்திராவிட்டால் நாங்கள் எல்லோரும் மாடு மேய்த்திருப்போம் என்று அவர் பேசத் தொடங்கினார். தமிழ்ப் பள்ளியே போதும் என்ற எதிரணிக்காரரின் தகப்பனும் அதே கல்லூரியில் படித்தவர்தான். பின்னால் கதிரை போட்டுக்கொண்டிருந்த நான் அங்கிருந்தே கேட்டேன்.

“அண்ணை, இங்கிலிஷ் பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டவேணும். தமிழ்ப் பள்ளிக்கூடம் சும்மா. என்ரை அப்பான்ரை அப்பா அஞ்சாம் வகுப்பு, தமிழிலை. வெள்ளைக்காரன்ரை கச்சேரி அலுவலகத்திலை கூட்டினவர். அங்கை கிளாக்கர் கதிரையிலை இருந்தது ஆர்? உங்கடை ஆக்கள்.”

“அதுக்கு இப்ப என்ன?”

“பதாகை சரியெண்டு சொல்லுறன். சப்பாத்துப் போட்டவன் ஆண்டான். போடாதவன் கூட்டினான்.”

பின்வரிசையில் யாரோ கைதட்டி, உடனே நிறுத்தினார்.

தலைவர் இறங்கி வந்தார். “மைக்கிலை வந்து மன்னிப்புக் கேள். இல்லாட்டித் திறப்பைத் தந்திட்டு நட.”

கேட்டிருந்தால் அறை என்னுடையது. தெரிந்துதான் அறைச் சாவியை மேசையில் வைத்தேன். “கேக்க ஏலாது.”

நான்கு வாரமாக நான் தேநீர் ஊற்றிக் கொடுத்த அக்காமார் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்கள். முன்வரிசைப் பிள்ளைகள், இந்த ஆள் ஏன் சண்டை பிடிக்கிறார் என்று ஜெர்மனில் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

இரவு ரயில் நிலைய வாங்குப் பலகையில் கழிந்தது. குளிர்தான், எனக்குப் புதிதல்ல.

காலையில் மொத்த மீன்கடை ஒன்றின் பின்கதவில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தது. அந்த ஜெர்மனில் ஓர் எழுத்துப் பிழை, எனக்கே தெரிந்தது. கடைக்காரத் துருக்கியரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் என் காலைப் பார்த்துவிட்டு ஒரு சோடி ரப்பர் சப்பாத்தை எறிந்தார். இரண்டு அளவு பெரிது. போட்டுக்கொண்டு தரையைக் கூட்டத் தொடங்கினேன்.