திருத்தங்கலில் ஓர் இசைத்தட்டு

சாத்தூர் பஸ் வரக் காணோம். வெயில் தாங்காமல் ஓர் ஒலிபெருக்கிக் கடைக்குள் ஒதுங்குகிறேன். கல்யாண வீடுகளுக்குக் குழாய் கட்டுபவரின் கடை. எதிர் வீட்டு வாசலில் பெண்கள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பசையின் புளித்த வாடை இங்கே வரை அடிக்கிறது.

முக்காலியில் ஒரு நாடகப் பாடகி உட்கார்ந்திருக்கிறார். அறுபது வயதிருக்கும். பல வருடம் கழித்து அவர் பாடிய புது இசைத்தட்டு மடியில் இருக்கிறது. வீட்டில் கிராமபோன் கிடையாது என்று இங்கே கேட்க வந்திருக்கிறார்.

கடைக்காரர் தட்டை வாங்கி, சாவி கொடுத்து, முள்ளை வைக்கிறார். கனத்த, கரகரத்த குரல் எழுகிறது. கடைக்காரர் முகம் சுருங்குகிறது. பாடகியின் பழைய தட்டுகளை ஊர் ஊராகப் போட்டவர் அவர்.

"மிசின் மெதுவா ஓடுதும்மா."

எனக்கும் மிசின்மேல்தான் சந்தேகம். அவர் வேகத் திருகைத் திருப்புகிறார். குரல் மேலேறி இருபது வயதுப் பெண்ணின் குரலாகிறது. தீப்பெட்டிப் பெண்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

"இதுதாம்மா உங்க குரலு."

பாடகி சிரிக்கிறார். "மிசின் நல்லாத்தான் ஓடுச்சு. முன்ன இருந்த மாதிரியே வைங்க. அந்தக் குரல ஊரே கேட்டாச்சு. இப்ப இருக்கிறத நானே இன்னும் கேக்கல."

கடைக்காரர் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவருகிறார். முள்ளைத் தூக்கி முதலிலிருந்து வைக்கிறார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, பாட்டு முடியும்வரை நின்றபடியே கேட்கிறார்.