அத்தை கோட்டைவிட்ட ஆடு

வாளையாருக்கு இந்தப் பக்கம், எங்கள் ஊரில் ஆடுபுலி ஆட்டத்தில் அத்தையை மிஞ்ச ஆளில்லை. அப்பாவின் தங்கை அவள். எப்போதும் ஆடுகளைத்தான் எடுத்துக்கொள்வாள். என் புலிகளை நகரவிடாமல் மூலையில் முடக்கிவிட்டுச் சிரிப்பாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

எழுபதுகளில் ஒரு கோடையில் அவளுக்கு ஒரு கண் மங்கியது, காலும் இழுத்துக்கொண்டது. மாமா அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

"செரியானதும் வந்து கூட்டிட்டுப் போறனுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். சரியாகாவிட்டால் என்ன என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. கோயமுத்தூர் டாக்டர், இது நரம்பின் மேலுறை கெடுகிற நோய், வரும், போகும், மறுபடி வரும் என்று சொல்லி ஊசி போட்டார். அம்மா அவரையும் நம்பினாள். எதற்கும் இருக்கட்டும் என்று அம்மனுக்கு வெள்ளிக் கண்மலரும் நேர்ந்துகொண்டாள்.

அந்த நிலையிலும் அத்தை தரையில் கரியால் போட்ட கட்டத்தின் மேல் குனிந்து, ஒற்றைக் கண்ணால் என்னைத் தோற்கடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு காலையில் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு, "தென்னையில ஓணான் ஏறுது பாரு கண்ணு" என்றாள். ஓணான் நிஜமாகவே ஏறிக்கொண்டிருந்தது. அம்மா கையிலிருந்த சொம்பைப் போட்டுவிட்டு அழுதாள். காலும் மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பியது. அம்மனுக்குக் கண்மலர் சாத்தினோம், மாமாவுக்குச் சேதி போனது.

அப்போதுதான் நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். அத்தை ஆடுகளைக் காவலின்றி விட்டாள். என் புலி தாண்டித் தாண்டி வெட்டியது.

"அம்மிணி, கொழந்தைக்கு விட்டுக் குடுக்கறயா?" என்று அம்மா கேலி செய்தாள்.

"இல்லீங்க அண்ணி. இவ கெட்டிக்காரி ஆயிட்டா" என்றாள் அத்தை. நான் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாமா வந்த அன்று அவள் யார் கையையும் பிடிக்காமல் பஸ் ஏறியதைப் பார்த்து அத்தனை பேரும் நிம்மதியாக வீடு திரும்பினோம்.

வெகுகாலம் கழித்து வேறொரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த நோயில் கண்ணும் காலும் திரும்பினாலும், மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் நரம்பணுக்கள் சத்தமில்லாமல் அழிவதுண்டாம். கணக்குப் போடுவதிலும் யோசிப்பதிலும்தான் அது தெரியவருமாம்.

தோற்ற பிறகு அத்தை கட்டத்தை அழிக்க விடமாட்டாள்; வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். என் சாமர்த்தியத்தை ரசிக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் எந்த ஆட்டை எங்கே விட்டோம் என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.