குவியல்களில் தொங்கிய அட்டை

சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரியில் மணியம்மாவைக் கேட்காமல் ஒரு குவியலையும் பிரிக்க மாட்டார்கள். லாரியில் வந்திறங்கும் காயைப் பழுக்கப்போடும் கொட்டகையில் வைக்கோல் போட்டுக் குவிப்பார்கள். சீசன் சூடு பிடித்தால் நாற்பது ஐம்பது குவியல் கிடக்கும். எது யார் தோட்டத்துக் காய், ரகம் பெங்களூராவா காதரா, இன்றைக்கு எத்தனையாவது நாள் என்பதெல்லாம் அந்த அம்மாள் தலைக்குள் இருக்கும். ஒரு நாள் முந்தினால் கூழ் புளிக்கும், பிந்தினால் அழுகல்தான். எழுதி வைத்துக்கொள்ளேன் என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "எழுதிக்கினே இருந்தா வேலய உங்க நைனாவா வந்து செய்வான்?" என்று எரிந்து விழுவாள்.

விஜயபுரம் பக்கத்தில் கையகல நிலமும் இல்லாத குடும்பம் அவளுடையது. வெளிநாட்டுக்குக் கூழ் போக ஆரம்பித்துச் சித்தூரைச் சுற்றி ஃபேக்டரிகள் முளைத்த தொண்ணூற்று மூன்றில், கைக்குழந்தை கல்பனாவை இடுப்பிலும் மகன் தமிழரசுவைக் கையிலும் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்தவள். புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்தான். தோல் சீவும் பெண்களோடு உட்கார்ந்தவள் பத்து வருஷத்தில் கொட்டகைக்கே மேஸ்திரி ஆனாள். தமிழரசு குவைத்துக்குப் போனான். கல்பனா படித்துத் திருப்பதியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஊசி குத்தினால் வலியே தெரியாது என்று மகளைப் பற்றி மணியம்மா அளக்காத ஆளில்லை.

போன சீசனில்தான் அது நடந்தது. மூலையில் ஒரு காதர் குவியல். அவளே இறக்கச் சொன்னது, அவளே வைக்கோல் மூடியது. சாறு ஓடி ஈ மொய்த்த பிறகுதான் அப்படி ஒன்று கிடப்பதே தெரிந்தது. கூரை ஒழுகிவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தாள். ஆனால் அந்தக் குவியலை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றபோதும் ஞாபகம் வரவில்லையே!

இதை மகளிடம் மட்டும் சொன்னாள். கல்பனா தன் கையாலேயே ரத்தம் எடுத்தாள், பிறகு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் தெலுங்கில் ஐந்து வார்த்தை சொல்லி, பத்து நிமிஷம் பேச்சுக் கொடுத்துவிட்டு, அவற்றைத் திருப்பிக் கேட்டார். இரண்டுதான் வந்தது. ரத்தத்தில் ஒரு புரதம் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். மூளையில் மாற்றம் தொடங்கிவிட்டதற்கு அது அடையாளமாம். மறதி வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே ரத்தத்தில் வந்துவிடுமாம். "ஆரம்பம்தாம்மா. எவ்வளவு வேகமாப் போகும்னு இந்தப் பேப்பரை வெச்சுச் சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் மணியம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வர்ற சீசன் ஒண்ணு மட்டும் போய்ட்டு வந்துடறேன்டி. யாராண்டயும் சொல்லாத. எப்ப நிக்கணும்னு எனக்குத் தெரியும், என் வாயால நானே சொல்லிட்டு நின்னுக்கறேன்."

"கங்கம்மா மேல சத்தியம்மா, சொல்ல மாட்டேன்" என்று கல்பனா உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தாள்.

மணியம்மா சும்மா இருக்கவில்லை. வீம்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு சின்ன நோட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டுதான் இந்த வருஷம் வேலைக்குப் போனாள்.

கொட்டகைக்குள் கால் வைத்தாள். ஒவ்வொரு குவியலிலும் கம்பு நட்டு ஓர் அட்டை தொங்கிற்று. தேதி, தோட்டம், ரகம், எல்லாம் கொட்டை எழுத்தில். கூட வேலை செய்கிற பெண்கள் தலையே நிமிரவில்லை. மேனேஜர் ஹரிபாபு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "கூர்ச்சோ அக்கா, நீ நிக்காத." முப்பது வருஷத்தில் அந்தக் கொட்டகையில் அவளுக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. பாழாய்ப்போன நாற்காலி!

"யார்ரா சொன்னது?"

அவன் போனை நீட்டினான். ரத்த ரிப்போர்ட், மேலே அவள் பெயர். "கல்பனாதான் அனுப்பினா அக்கா. அம்மாவ மெஷின் பக்கம் வுடாதீங்கன்னு ஒரே அழுக. நானும் இன்னா பண்றது சொல்லு."

நாற்காலியைத் தொடவில்லை. நேரே போய்த் திருப்பதி பஸ் ஏறினாள். பரிசோதனைக் கூடத்து வாசலிலேயே மகளைப் பிடித்தாள்.

"கை கிய்யி மெஷின்ல மாட்டிக்கினா இன்னாம்மா பண்றது? பயந்துட்டேன். அண்ணனும் சொல்லிடுன்னாரு" என்று கல்பனா அழுதாள்.

"அவனுக்கும் சொல்லியாச்சா! பயந்தா என்னாண்ட வந்து சொல்லணும்டி. நாலு பேர் முன்னால நானே இறங்கி வந்திருப்பேன். என்னப் புடிச்சு இறக்கி வுட்டுட்டியே. என் ரத்தத்த ஊர் பூரா காட்டிட்டியே, பாவி!"

"தப்புதாம்மா. வுடும்மா, மறந்துடும்மா."

மணியம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். குரல் தணிந்துவிட்டது.

"மறந்துதான் பூடுவேன். அதான் உன் பேப்பர்லயே கீதே. உன் மூஞ்சப் பாத்து யாருன்னு கேக்கற நாளும் வரும். ஆனா அம்மா நம்பிச்சு, நான் இப்டி செஞ்சேன்னு நீ சாகிற வரிக்கும் ஞாபகம் வெச்சுக்கினு இருக்கணும். எனக்கும் சேத்து நீயே வெச்சுக்கோ."