வயிற்று மேட்டைக் கடக்கும் வேன்

“எல்லாரும் எறங்கியாச்சா?” என்று ஷாமளா அக்கா கேட்டார். பள்ளி வாசலில் வேனை நிறுத்தியதும் தினமும் கேட்பதுதான். கேட்டபடியே கண்ணாடியில் பின்னிருக்கைகளைப் பார்ப்பார். பதில் வராது. அன்று வந்தது.

“நான் எறங்கல.”

மூன்றாவது வரிசையில் லிவாஷினி உட்கார்ந்திருந்தாள். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை. தனக்கு முன்னால் இருந்த சீட்டின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். வயிறு வலிக்கிறதா என்று அக்கா கேட்டார். இல்லை என்றாள். வீட்டுப்பாடம் செய்யவில்லையா? செய்துவிட்டாளாம். யாராவது அடித்தார்களா? அதுவும் இல்லை. அக்கா இஞ்சினை நிறுத்தினார்.

“அப்புறம் என்னம்மா?”

அவள் ஒரு கையை மட்டும் கம்பியிலிருந்து எடுத்து, ஜன்னலுக்கு வெளியே வானத்தைக் காட்டினாள்.

“மேல விழுந்துடுவேன்.”

அக்கா சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் மடியிலிருந்த பூகோள உருண்டையைப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். நான் அந்தப் பள்ளியில் நான்காம் ஆண்டுக்கு அறிவியல் எடுக்கும் தற்காலிக ஆசிரியை. கார் இல்லாததால் அக்காவின் வேனில் முன்சீட்டில் போய் வருவேன். முந்தின நாள் ஸ்கூடாய் டவுனில் வாங்கிய உருண்டையை அன்று காலை மடியில் வைத்திருந்தேன். நம் வீடு எங்கே என்று லிவாஷினி எட்டிப் பார்த்துக் கேட்டாள். எங்கள் மாநிலமான ஜொகூரில் விரலை வைத்தேன். அதற்கு நேர் கீழே யார் இருக்கிறார்கள் என்றாள். உருண்டையைத் திருப்பி ஈக்வடாரைக் காட்டினேன். அவர்கள் தலைகீழாகவா நிற்கிறார்கள் என்று கேட்டாள். நான் பதிலை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் வயிற்று மேடு வந்தது.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சிறு பாலத்தின் மேல் சாலை திடீரென்று எழும்பி இறங்கும். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் வயிற்று மேடு. மற்ற நாட்களில் அக்கா அதை ஊர்ந்து கடப்பார். வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் வேகமாக ஏறுவார். வயிற்றில் ஒரு கூச்சம் எழும், எல்லாரும் சீட்டிலிருந்து ஓர் அங்குலம் எழும்பி மறுபடி உட்காருவார்கள். அன்று வெள்ளிக்கிழமை. பூமி ஒரு பந்து என்று பார்த்த அடுத்த நிமிடமே லிவாஷினி அந்தப் பந்தை விட்டு எழும்பிவிட்டாள்.

ஷாமளா அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் பெட்டி கட்டும் வேலை பார்த்தவர். கணவர் அய்யாவு பெக்கான் நானாஸில் அன்னாசி லாரி ஓட்டுகிறார். அக்காவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். பெட்டி வேலையை ஏன் விட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். பெட்டி பேசாது என்றார். வேனில் அவர் ஹாரன் அடிப்பதில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி, ஜன்னல் வழியே கையை நீட்டிக் கூரையை இரண்டு தட்டு தட்டுவார், பிள்ளை ஓடி வந்துவிடும். கதவுப் பையில் வாந்திக்குப் பிளாஸ்டிக் பை, தைல பாட்டில், மறந்து வருகிறவர்களுக்கு இரண்டு பள்ளிக் கழுத்துப்பட்டை, ஒரு கொத்து ரப்பர் பேண்டு. யார் எங்கே உட்காருவது என்பதை எடை பார்த்து முடிவு செய்வார். ஆறாம் ஆண்டு ரூபேந்திரன் இடது பக்கம் உட்கார்ந்தால் வலது பக்கம் இரண்டு சின்னப் பிள்ளைகள். ரூபேந்திரன் ஒருநாள் கோபித்துக்கொண்டபோது, “உன்ன வச்சித்தான்டா வண்டி நேராப் போவுது” என்று சொல்லிச் சமாதானப்படுத்தினார். அன்றிலிருந்து அவன் அந்த இடத்தை யாருக்கும் விடுவதில்லை.

முதல் நாள் அக்கா லிவாஷினியைத் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் விட்டார். வாசலிலிருந்து வகுப்பு நடைபாதை வரை நாற்பது காலடி தூரம் வெட்டவெளி. கூரைக்குக் கீழே அவளுக்குப் பயமில்லை, விழுந்தாலும் கூரை தடுத்துவிடும் அல்லவா. வெளியில்தான் தடுக்க எதுவும் இல்லை. மறுவாரம் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். தேநீருக்கு வைத்திருந்த பால் டின் இரண்டை அவளுடைய பையில் போட்டு, இது உன்னை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்றார். அவள் இறங்கி நடந்தாள். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

எட்டு நாள் அது வேலை செய்தது. ஒன்பதாம் நாள் உடற்கல்வி. பையை வகுப்பில் வைத்துவிட்டுத் திடலுக்கு வரச் சொன்னார்கள். அவள் கொடிக்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிரித்தெடுக்க இரண்டு ஆசிரியைகள் தேவைப்பட்டார்கள். டின்னைப் பற்றி அப்போதுதான் பள்ளிக்குத் தெரிந்தது.

லிவாஷினியின் அப்பா விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அம்மாவுக்கு அன்னாசி ஆலையில் மதியம் வரை வேலை. பள்ளியிலிருந்து கூப்பிட்டால் ஓடி வர வீட்டில் யாருமில்லை. யோங் பெங்கில் அத்தை வீட்டில் விட்டு, அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று அம்மா முடிவு செய்து பள்ளி அலுவலகத்தில் மாற்றல் விண்ணப்பப் பாரமும் வாங்கிவிட்டார். அதைக் கேட்ட நாளில் அக்கா வாங்கிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படாமலே டாஷ்போர்டில் கிடந்தது.

“டின்ன வச்சி நான்தான் கெடுத்தேன் டீச்சர். அது என் வேன்ல பிடிச்ச பயம்லா. வேற ஊருக்கு அனுப்புனா பயமும் கூடவேதானே போவும்.”

பூமி எல்லாவற்றையும் தன் நடுவை நோக்கி இழுக்கிறது, எந்த நாட்டில் நின்றாலும் அந்தப் பக்கம்தான் கீழே என்று நான் லிவாஷினிக்குச் சொல்லிப் பார்த்தேன். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு, அப்படியானால் மேட்டில் மட்டும் ஏன் விட்டது என்றாள். புவியீர்ப்பைப் பற்றித் தமிழிலும் மலாய் மொழியிலும் தேர்வு எழுதியவள் நான். அந்தக் கேள்வி எந்தத் தாளிலும் வந்ததில்லை. அக்கா கண்ணாடியில் மூன்றாவது வரிசையைப் பார்த்தபடி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அவர் கணவரின் லாரியிலிருந்து ஓர் அன்னாசியை எடுத்து வேனின் மூன்றாவது வரிசையில் வைத்தார். கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பழத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று கட்டளை போட்டார். வயிற்று மேட்டில் மூன்று தடவை போய் வந்தார்கள். அன்னாசி மூன்று தடவையும் எழும்பி, மூன்று தடவையும் திரும்பி வந்தது. “அன்னாசி வந்திருச்சி, என் இடுப்புதான் இன்னும் வரல” என்றாராம் அய்யாவு.

திங்கட்கிழமை மதியம் மற்ற பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு, லிவாஷினியின் வீட்டு வாசலில் அக்கா வேனை நிறுத்தினார்.

“அன்னைக்கு மேட்டுல மேல போனியே, அப்புறம் எங்க உக்காந்த?”

“சீட்டுல.”

“யாரு உக்கார வச்சா? நானா? என் ரெண்டு கையும் ஸ்டீரிங்குல.”

அவள் யோசித்தாள். “டீச்சரா?”

“டீச்சரு உருண்டையப் பிடிச்சிட்டு இருந்தாங்க.”

அவள் ஜன்னல் வழியே கீழே தரையைப் பார்த்து, பூமியா என்று மெதுவாகக் கேட்டாள். அக்கா தலையாட்டினார். விடவே விடாதா என்றாள். சனிக்கிழமை அன்னாசி மூன்று தடவையும் திரும்பி வந்த கதையை அக்கா அவளுக்குச் சொன்னார்.

“விட்டிருந்தா என் அன்னாசி இந்நேரம் சிங்கப்பூர்ல இருக்கும்லா.”

அதற்குப் பிறகு என் வேலை சுலபமாக இருந்தது. மேட்டில் பூமி அவளை விடவில்லை, வேன் அவளுக்கு முன்னால் கீழே இறங்கிவிட்டது, அந்த நொடியிலும் பூமி அவளை இழுத்துக்கொண்டுதான் இருந்தது என்று சொன்னேன். புரிந்துகொண்டாள். அவளே பால் டின்களை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை வேன் படிக்கட்டு வரை வந்த கால் அதற்கு மேல் வரவில்லை. அக்கா மறுபடியும் தூக்கிக்கொண்டு போனார்.

லிவாஷினி இப்போது இரண்டாம் ஆண்டு. யோங் பெங்குக்குப் போகவில்லை. மாற்றல் பாரத்தின் பின்பக்கத்தில் அவள் அம்மா மளிகைச் சாமான் எழுதியதை நானே பார்த்தேன். வேன் நின்றதும் இரண்டு கால்களையும் சேர்த்துப் படியிலிருந்து குதிக்கிறாள். முட்டியைப் பேர்த்துக்கொள்ளாமல் ஒழுங்காக இறங்கச் சொல்லி அக்கா தினமும் திட்டுகிறார். பல மாதம் ஊர்ந்து கடந்த வயிற்று மேட்டை வெள்ளிக்கிழமைகளில் மறுபடி வேகமாக ஏறத் தொடங்கியிருக்கிறார். பாலத்துக்கு முன்னால் கண்ணாடியில் பார்த்து, “போலாமா?” என்று கேட்பார். மூன்றாவது வரிசையிலிருந்து போலாம் என்று குரல் வந்த பிறகுதான் கால் அழுத்தும்.

லிவாஷினியை மறுபடி தூக்கிக்கொண்டு போன அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் என் வீட்டு வாசலில் அக்கா வேனை நிறுத்தினார். நான் கதவைத் திறந்தபோது இருக்கச் சொன்னார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கியரின் மேல் வைத்த கையை எடுக்காமல் சொன்னார்.

“நாளைக்கு நீங்க எறங்காதீங்க டீச்சர். கம்பியப் பிடிச்சிட்டு, பயமா இருக்குன்னு சொல்லுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். அவ உங்களுக்குச் சொல்லட்டும். உங்க கையப் பிடிச்சி அவ கூட்டிட்டுப் போவட்டும்.”

எனக்கு நடிக்க வராது என்றேன். ஆசிரியர் அறையில்கூட நான் குரலை உயர்த்திப் பேசியதில்லை. குழந்தை உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

“பொய்யா பயப்பட வேணாம்,” என்றார் அக்கா. “கிளாசுக்குப் போவ எறங்குறப்ப தெனமும் ஒரு மூச்சு இழுப்பீங்கல்ல டீச்சர், அத மட்டும் நாளைக்குக் கொஞ்சம் நீளமா இழுங்க.”