மயிலின் பின்பக்கம்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளைத் திருப்பிப் பார்த்தாலும் அதில் ஒரு தேதி இருக்கும். எழுதியது நான். எங்கள் கன்னட டீச்சர் தேதி போடாத பக்கத்தைத் திருத்த மாட்டார். அந்தப் பயத்தில் தொடங்கிய பழக்கம் நோட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஊறுகாய் போட்ட தேதி ஜாடியின் அடியில், பல்பு மாற்றிய தேதி சுவரில், எனக்குப் பல் விழுந்த தேதி கதவு நிலையில். அந்த நாளைய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் அத்தையைப் பெண் பார்க்க வந்தது 1996 ஆகஸ்ட் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என்று என்னால் தயங்காமல் சொல்ல முடிகிறது. மற்றவை பெரும்பாலும் நோட்டில் இல்லை. ஞாபகத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

பிரேசர் டவுனில் ஒரே கேட்டுக்குள் ஆறு வீடுகள். எங்களுடையது நான்காவது. அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான்காவது படிக்கும் நான். வீட்டில் தமிழ் பேசினோம். பள்ளிக்கூடத்தில் நான் கன்னடம் படித்தேன். தமிழ் எழுத்து எனக்கு அப்போது ஒன்றுகூடத் தெரியாது.

அம்மா ஐந்தாவது வரை தமிழ் படித்தவள். அவள் செய்ததை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மரக்கடையில் மிஞ்சிய பிளைவுட் துண்டு, தையல் கடையில் மிஞ்சிய கறுப்பு வெல்வெட், அத்தை வேலை பார்த்த கார்மெண்ட்ஸ் கம்பெனியில் குப்பைக்குப் போகும் நூல், சிவாஜிநகரில் எடை போட்டு வாங்கிய குட்டி ஆணிகள். அவ்வளவுதான் சாமான். வெல்வெட்டைப் பலகைமேல் இழுத்து ஒட்டுவாள். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து சாக்பீசால் ஒரு வட்டம் போடுவாள். வட்டத்தின்மேல் விரல்விரலாக இடம் விட்டு ஆணி அடிப்பாள். பிறகு நூல் தொடங்கும். ஓர் ஆணியில் முடிச்சுப் போட்டு எதிரே சற்றுத் தள்ளிக் கொண்டுபோய் மாட்டுவாள். பக்கத்து ஆணிக்கு நகர்ந்து மறுபடி இந்தப் பக்கம் வருவாள். கை போவதும் வருவதுமாக இருக்கும். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு நூலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராகத்தான் போகும். எல்லாம் முடிந்ததும் நடுவில் ஒரு சின்ன வட்டம் நிற்கும். அங்கே ஆணி இல்லை, சாக்பீஸ் கோடு இல்லை. மூக்கு வெல்வெட்டில் உரசும்வரை குனிந்து பார்ப்பேன். ஒரு நூல்கூட வளைந்திருக்காது.

"அம்மா, இது எங்கருந்து வந்துச்சி?"

"எது?"

"இந்த ரவுண்டு."

"அது தானா வரும்டி. நீ மூஞ்சிய எடு, நூல் தளந்துடும்."

இந்தப் பதிலில் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. தானாக வரும் பொருள்கள் உலகத்தில் இருந்தன, அம்மாவுக்கு அவற்றை வரவழைக்கத் தெரிந்திருந்தது.

பிறந்தநாள், பெயர் வைப்பு, புதுக்குடித்தனம் என்று ஆறு வீடுகளில் எது நடந்தாலும் எங்கள் வீட்டுப் பரிசு ஓர் எழுத்துப் பலகைதான். யாருக்குக் கொடுக்கிறோமோ அவர்கள் பெயரின் முதல் எழுத்து. இரண்டாம் வீட்டுப் பெரியம்மா உருதுவில் எழுதிக் காட்டினார். ஐந்தாம் வீட்டு நர்ஸ் ஆன்ட்டி இங்கிலீஷில். வீட்டுக்காரர் கன்னடத்தில். அம்மாவுக்கு இதில் எதையும் படிக்கத் தெரியாது. காகிதத்தில் இருப்பதை ஒரு முகத்தைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்ப்பாள். பிறகு ஆணி எடுப்பாள். உருது எழுத்தின் புள்ளிகூட இடம் மாறாது. பெரியம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "படிச்சவங்ககூட இப்படி எழுத மாட்டாங்க" என்றார்.

எல்லாவற்றின் பின்பக்கத்திலும் நான் பேனாவால் தேதியும் ஒரு சொல்லும் எழுதினேன். அம்ம. கன்னடத்தில் அம்மா, அம்மதான்.

இந்த 'அம்ம'வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கன்னடத்தில் இதற்கு இரண்டு ம பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதில்லை. ஒரு ம எழுதி, அதன் காலடியில் இன்னொன்றைச் சின்னதாக வேறு உருவத்தில் தொங்கவிட வேண்டும். அதற்குப் பெயர் ஒத்து. மூன்றாம் வகுப்பில் ஒத்தைப் பார்த்தாலே எனக்குக் கண் இருட்டும். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்வேன். ஒருநாள் 'அம்ம' என்று இருந்ததை 'அத்தெ' என்று படித்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. மணி அடிக்கும்வரை பெஞ்சின்மேல் நின்றேன். கால் வலித்ததைவிட அந்தச் சிரிப்பு வலித்தது.

அத்தைக்கு ஏற்கெனவே இரண்டு வரன்கள் வந்து, டிபன் சாப்பிட்டுவிட்டு, பதில் சொல்லாமல் போயிருந்தன. மூன்றாவதாக வந்தவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஆம்பூர்ப் பக்கம். அப்பா கிடையாது, அம்மா மட்டும். அந்த அம்மா ரவிக்கை தைப்பவர். பெண்ணுக்குக் கைவேலை தெரியுமா என்று முன்கூட்டியே கேட்டு அனுப்பியிருந்தார்.

அத்தைக்கு அப்பாவின் மொபெட்டை அல்சூர் ஏரிவரை ஓட்டிக்கொண்டு போய்வரத் தெரியும். ஊசியில் நூல் கோர்க்கப் பொறுமை கிடையாது. மொபெட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பெண் பார்க்க வரும் வீட்டில் சுவரில் தொங்குவதெல்லாம் பெண் போட்டது என்று சொல்வது அந்தக் காலத்து வழக்கம். எங்கள் சுவரில் பெரிய மயில் ஒன்று இருந்தது. நீலமும் பச்சையுமாய் விரிந்த தோகை, அதன் நடுவில் யாரும் வரையாத அந்த வட்டம். முந்தின நாள் அப்பா மயிலைப் பார்த்தபடி, அம்மாவைப் பார்க்காமல் கேட்டார்:

"தங்கச்சி போட்டதுன்னு சொல்லிடலாமா?"

"சொல்லுங்க. எம் பேர வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்?"

"வேணாம் அண்ணி," என்றாள் அத்தை. "ஒண்ணு போட்டுக் காட்டுன்னு சொன்னா, ஆணியோட எங் கட்டைவிரலையும் சேத்து அடிச்சிப்பேன்."

"அடிச்சிக்கோ. ரத்தத்தப் பாத்துட்டு இரக்கப்பட்டாவது ஒத்துக்குவாங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ வாயத் தொறக்கக் கூடாது. தெரிஞ்சிதா?"

தெரிந்தது. வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். பலகையின் பின்பக்கத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர்கள் இருவரும் மாலை நான்கு மணிக்கு வந்தார்கள். கேசரியை எடுத்த கையோடு மாப்பிள்ளையின் அம்மா சுவரைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, அந்த மயிலு நீ போட்டதா?"

அத்தை தரையைப் பார்த்தாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"ஆமாங்க, எல்லாம் அதுதான்," என்றார் அப்பா.

"எங்க, பின்பக்கத்த காட்டுங்க. நான் தையக்காரி. முன்பக்கத்தப் பாத்து ஏமாற மாட்டேன்."

யாரும் அசைவதற்கு முன்பே அவர் எழுந்து போய், மயிலை ஆணியிலிருந்து கழற்றித் திருப்பிவிட்டார். பின்பக்கம் வெறும் பிளைவுட். நடுவில் என் எழுத்து.

"இன்னாது இது, ஜிலேபி புழிஞ்ச மாதிரி?"

"கன்னடம்மா," என்றார் மாப்பிள்ளை. அவர் வந்ததிலிருந்து பேசிய முதல் சொல் அதுதான்.

"இன்னா எழுதிகீதுன்னு படி. அஞ்சு வருசமா இந்த ஊரு சோத்ததான துன்றே."

அப்பா ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அத்தையின் கால் விரல்கள் பாயைக் கிள்ளின. சமையலறை வாசலில் அம்மா காபித் தட்டோடு நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை பலகையை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். கன்னட எண்களில் இருந்த தேதியைத் தடையில்லாமல் படித்தார். "ஜூன் ஒம்பது, தொண்ணூத்தாறு." அடுத்த வரிக்கு வந்தார். "அ..." என்றார். நின்றுவிட்டார்.

தலை நிமிர்ந்து காபித் தட்டைப் பார்த்தார். தட்டைப் பிடித்திருந்த அம்மாவின் இடது கட்டைவிரல் நகம் சுத்தியல் பட்டுக் கறுத்திருந்தது. விரல் நுனிகளில் நூல் அறுத்த கோடுகள். பிறகு அத்தையின் கைகளைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அங்கே சற்று நேரம் ஆயிற்று.

"அ...த்தெ," என்றார். "அத்தைன்னு எழுதியிருக்கும்மா."

எனக்கு ஐயோ என்றிருந்தது. அதே தப்பு! முதல் எழுத்தைப் பிடித்துவிட்டார், ஒத்தில் கோட்டை விட்டுவிட்டார். இவ்வளவு உயரமான மனிதர், மீசை வைத்தவர், மூன்றாம் வகுப்பில் நான் விழுந்த அதே பள்ளத்தில் விழுந்து கிடக்கிறார். அவர் நேராக என்னைப் பார்த்தார்.

"பாப்பா, நீதான எழுதுன? நான் படிச்சது கரெக்டா?"

வீடே என்னைப் பார்த்தது. எனக்கு அந்த பெஞ்சு ஞாபகம் வந்தது. ஊரைக் கூட்டி ஒருவரின் தப்பைச் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அத்தையின் கல்யாணம் அப்போது என் நினைவிலேயே இல்லை. அந்த மனிதரின் மானம் மட்டும்தான் இருந்தது.

"கரெக்டு," என்றேன்.

"கொழந்தையே எழுதி வெச்சிகீது, அப்புறம் இன்னா?" என்று அவர் அம்மா கேசரித் தட்டை மறுபடி எடுத்தார். "எங்க வூட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துடணும்மா."

அவர்கள் கேட்டைத் தாண்டியதும் அத்தை சிரித்தாளா அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அம்மா மயிலை முந்தானையால் துடைத்துத் திரும்ப மாட்டினாள். நான் பொறுக்க முடியாமல் சொன்னேன்:

"பாவம்ப்பா அந்த மாமா. அவருக்கு ஒத்து தெரியல."

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அன்றைய பக்கத்தில் என் நோட்டு சொல்வது இதுதான்: 'மாமாவுக்கு ஒத்து சொல்லித் தர வேண்டும்.'

நிச்சயதார்த்தம் முடிந்ததும் நானே அவரிடம் போய், யாருக்கும் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை வந்தால் கன்னடம் கற்றுத்தருகிறேன் என்றேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் ஒத்துக்கொண்டார். பொம்மசந்திராவிலிருந்து சிவாஜிநகர் வந்து, அங்கே கன்னடத்தில் மட்டுமே பெயர் எழுதிய அத்தனை பஸ்களுக்கு நடுவில் எங்கள் பஸ்ஸைப் பிடித்து, சரியாகப் பத்து மணிக்கு வந்து உட்காருவார். எழுதப் படிக்கத் திணறும் ஒருவர் அந்த பஸ்ஸை எப்படிக் கண்டுபிடித்தார் என்று நான் யோசிக்கவில்லை. பாடத்தை எப்படி நடத்துவது என்பதிலேயே என் கவனம் இருந்தது.

சிலேட்டில் 'அம்ம' எழுதிக் காட்டுவேன். அத்தை காபி கொண்டுவருவாள்.

"இது இன்னா மாமா?"

"அத்தெ."

"சரியா பாருங்க!"

"பாத்துட்டுதான் சொல்றேன் பாப்பா. அத்தெதான்."

அத்தை உள்ளே ஓடிவிடுவாள். சற்று நேரத்தில் தண்ணீர் கொண்டுவருவாள். அதற்கப்புறம் வெற்றிலை. அவள் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் என் மாணவர் இன்னும் மோசமாவார். சமையலறையில் அம்மாவுக்கு இருமல் வரும்.

"எத்தன வாட்டி சொல்றது மாமா? மண்டையில ஏறவே இல்லியே!"

"ஏறல பாப்பா. அடுத்த வாரமும் வந்துடறேன்."

பதினொரு ஞாயிறுகள் என் நோட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. மகர ஒத்தையும் தகர ஒத்தையும் தாண்டி நாங்கள் ஓர் எழுத்துகூட முன்னேறவில்லை.

1997 பிப்ரவரியில் கல்யாணம் நடந்தது. பொம்மசந்திராவில் அவர்கள் பிடித்திருந்த ஒற்றை அறை வீட்டுக்கு அம்மா கொடுத்தது ஜோடி மயில்கள். இரண்டு தோகைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் வட்டத்துக்குள் வட்டம் தெரியும். வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அதன் முன்னால் நின்றார்கள். ஓரிடத்தில் மட்டும் ஆணி வரிசை கோணல். அந்த மூன்று ஆணிகள் அத்தை அடித்தவை. அந்த வாரம் அவளும் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தாள்.

மாட்டுவதற்கு முன் நான் வழக்கம்போலப் பேனாவோடு பலகையைத் திருப்பப் போனேன். மாமா தடுத்தார்.

"இன்னிக்கி நான் எழுதறேன் பாப்பா. பரீட்சைன்னு வெச்சிக்கோ."

அவர் பலகையைத் திருப்பவில்லை. முன்பக்கம், கீழே மரச் சட்டத்தின் வலது ஓரத்தில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், கை நிற்காமல் எழுதினார். அக்க. என் அம்மாவை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். பக்கத்தில் கன்னட எண்களில் தேதி போட்டார்.

"மறுபடியும் ஜிலேபியா? இன்னாடா அது?" என்றார் அவர் அம்மா.

"டிசைன்மா."

"நல்லாதான் கீது."

அம்மா என் காதருகே குனிந்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். அவள் பலகைக்குப் பக்கத்தில் போனாள். ஆணி எடுப்பதற்கு முன் அடுத்தவர்களின் எழுத்தைப் பார்ப்பாளே, அப்படி அந்த இரண்டு எழுத்துகளை நெடுநேரம் பார்த்தாள். கறுத்த நகமுள்ள விரலால் ஒருமுறை தொட்டாள். அப்போது மை காயவில்லை. விரலில் ஒட்டிக்கொண்ட மையை அவள் துடைக்கவில்லை.

எனக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. நான் ஒத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அது ககர ஒத்து. என் பாடத்தில் அது வரவே இல்லை. ஆனாலும் கொம்பு, வளைவு, தொங்கல் எல்லாம் அச்சில் இருப்பதுபோல இருந்தது. என் டீச்சரால்கூட அவ்வளவு அழகாக எழுத முடியாது. நான் பிரமித்துப் போனேன், முக்கியமாக என்னை நினைத்து.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, பதினொரு பெருக்கல் குறிகளுக்குக் கீழே எழுதினேன்: 'மாமா பாஸ். நான் சொல்லித் தராத ஒத்தும் வந்துவிட்டது. அது தானா வரும்.'