மூன்று குழிகளும் ஒரு கொரியச் சொல்லும்

அந்த முதலாளியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பலேர்மோ நகரத்தை ஒட்டிய சியாகுல்லியில் அவனுக்கு மண்டரின் தோடம்பழத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமையும் அப்பாவைக் கூப்பிடுவான். போகாமல் இருக்க முடியாது. அவன் கையெழுத்துப் போட்டால்தான் அப்பாவின் பெர்மெசோவை, இத்தாலியில் இருக்க விடும் அனுமதியை, புதுப்பிப்பார்கள். இல்லாவிட்டால் எங்களை யாழ்ப்பாணத்துக்கு, சண்டைக்குள், திருப்பி அனுப்புவார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவுக்கும் ஒரு சின்யோராவின், இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் வேலை என்பதால் அப்பா என்னையும் கூட்டிப்போனார். நகரத்தின் சீசாப் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்த கொரியன் மாமாவும் ஒட்டிக்கொண்டு வந்தார். பாட்டுப் படிக்கப் பலேர்மோ வந்தவர். அதற்கு முன் தன் நாட்டில் கட்டாயப் பட்டாளத்தில் இருந்தவர். பாட்டைவிடப் பட்டாளத்துச் சொற்கள்தான் அவரிடம் அதிகம்.

முதலாளி ஓர் இடத்தைக் காட்டி, கன்று நடக் குழி வெட்டச் சொன்னான். இருவரும் வெட்டினார்கள். வந்து பார்த்தான். இங்கே வேண்டாம், மூடு, அங்கே வெட்டு என்றான். அதையும் மூடச் சொன்னான். மூன்றாவதையும் மூடு என்றுவிட்டு அவன் போனதும் கொரியன் மாமா மண்வெட்டியை எறிந்துவிட்டுக் குழிக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தார்.

"சப்ஜில்!"

தன் அரைகுறை இத்தாலியனில் அப்பாவுக்கு விளக்கினார். மண்வெட்டி வேலை என்று அர்த்தமாம். பட்டாளத்தில் காலையில் குழி வெட்டச் சொல்வார்களாம், பின்னேரம் மூடச் சொல்வார்களாம். பட்டாளம் முடித்து வந்தவர்கள் சொல்லிச் சொல்லி, ஊரில் எல்லா வீண்வேலைக்கும் அதுவே பெயராகிவிட்டதாம்.

இதை முதலாளியிடமும் சொல்லப்போகிறேன் என்று எழுந்தார். அந்தத் தொண்டைக்கு மெதுவாகப் பேச வராது. அப்பா பாய்ந்து, மண் கையோடேயே அவர் வாயைப் பொத்தினார். பிறகு ஒருவர் மண்ணைத் துப்பித் துப்பிச் சிரிக்க, மற்றவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, குழியை மூடினார்கள். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நாங்கள் புறப்படும்போது முதலாளி கையெழுத்தும் போட்டான்.

பஸ்ஸில் நான் புதுச் சொல்லை விடவில்லை.

"அப்பா, பள்ளிக்கூடம் சப்ஜிலோ?"

"உனக்கு ஓம்."

"அம்மா சின்யோராவின்ரை வீடு துடைக்கிறது?"

"அம்மாட்டை கேட்டுப்பார், துடைப்பத்தாலை வாங்குவாய்."

"ஊரிலை நீங்கள் வளவுக்குள்ளை பங்கர் வெட்டினது?"

அப்பாவின் சிரிப்பு நின்றது.

"இல்லைப் பிள்ளை. ஷெல் அடிக்கேக்கை அதுக்குள்ளைதானே உன்னை வைச்சிருந்தனாங்கள்."

எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. ஏதோ விளையாட்டு வீடு என்று நினைத்தேன்.

"அப்ப இஞ்சையும் எனக்கு ஒண்டு வெட்டித் தாங்கோ."

பிள்ளை என்ன கேட்கிறாள் என்று கொரியன் மாமா விசாரித்தார். நான் தமிழில் உளறுவதையெல்லாம் அவருக்கு இத்தாலியனில் சொல்லிச் சிரிப்பது அப்பாவின் வழக்கம். அன்றைக்குச் சொல்லவில்லை. ஒரு மண்டரினை உரித்து, பாதியை அவர் கையிலும் பாதியை என் கையிலும் வைத்தார்.