கணக்கில் வராத கறிமீன்

எனக்கு இப்போது வேலணையில் ஒரு அரசாங்க உத்தியோகம். கதிரை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, மாதம் முடியச் சம்பளமும் வந்துவிடுகிறது. ஆனாலும் புதன்கிழமை பின்னேரம் இரண்டு மணியானால் எனக்கு இருப்புக்கொள்ளாது. பல்கலைக்கழகத்தில் முதுதத்துவமாணி, அதாவது எம்.பில். படித்தபோது எங்களுடைய ஆய்வு வகுப்பு நடந்த நேரம் அது. ஒருவர் முன்னால் நின்று தன் ஆய்வைச் சொல்லுவார். மற்ற நாலு பேரும் அதைக் கிழிகிழியென்று கிழிப்போம். கிழிப்பதில் நான்தான் முதல் ஆள். என் வாய் அப்படி. அந்த இரண்டு வருசங்களைப் போல இனி ஒரு காலம் எனக்கு வராது. அது தெரிந்தும் மனம் கேட்கிறதில்லை.

அந்த ஐந்து பேரில் ஒருத்தி மேரிசுகந்தி. நெடுந்தீவில் கடல்தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வரவில்லை. தாய் மேரிறோஸ்தான் தனியாக நின்று வளர்த்தார். நாங்கள் இருவரும் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், திருநெல்வேலியில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். விடிய நான் எழும்பும்போது அவள் புள்ளிவிபரவியல் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். எனக்கு இரண்டு நாள் விளங்காததை ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் விளங்கப்படுத்துவாள். அந்த நேரத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது அந்த அறையை நினைத்தால் அழுகை வருகிறது.

இரண்டாம் வருச முடிவில் ஆய்வு தேறினால் அப்படியே கலாநிதிப் படிப்புக்கு மாற்றிவிடுவார்கள். தேறாவிட்டால் ஒரு பட்டத்தோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எனக்கு அதில் பெரிய ஆசையில்லை. சுகந்திக்கு அதைத் தவிர வேறு ஆசையே இல்லை. நெடுந்தீவில் கடல்தொழில் செய்யும் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் ஏறி இறங்கி, ஒவ்வொரு வீட்டின் வரவையும் செலவையும் கேட்டு, அழகாக அட்டவணை போட்டிருந்தாள்.

கார்த்திகை மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் அந்த அட்டவணையைத் திரையில் காட்டினாள். நான் தோட்டம் செய்து பிழைக்கும் குடும்பத்துப் பெட்டை. எங்கள் வீட்டில் சமையல் செலவில் பாதி மீனுக்குத்தான் போகும். அவளுடைய அட்டவணையில் மீன் வாங்கிய செலவு எல்லா வீட்டிலும் பூச்சியம். சரி, பிடிப்பவர்கள் வாங்கமாட்டார்கள். ஆனால் பிடித்த மீனெல்லாம் விற்ற மீன் என்றல்லவா மற்றப் பக்கத்தில் இருந்தது!

“ஏனடி, உன்ர சனம் மீன் தின்னுறேல்லையோ?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். “அது கறிமீனடி. அதை ஆர் கணக்கிலை சேர்க்கிறது?”

வள்ளம் கரைக்கு வந்ததும், வியாபாரியின் தராசில் போடுவதற்கு முன்னால், அன்றன்றைய கறிக்கென்று கொஞ்ச மீனை எடுத்து ஒதுக்கிவிடுவார்கள். அதற்குத்தான் கறிமீன் என்று பேர். அதைப் பிடிபாடு என்றே அவர்கள் நினைப்பதில்லை. வெளியூர்க்காரர் யாராவது போயிருந்தால் முதல் நாளே அதைக் கேட்டிருப்பார். அங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு அது கேள்வியாகவே படவில்லை.

எங்கள் வகுப்பை நடத்திய பேராசிரியர் ஆழ்வாப்பிள்ளை சிரிக்கவில்லை. கறிமீன் எவ்வளவு, அதில் வீட்டுக்கு எவ்வளவு, வெளியில் கொடுப்பது யாருக்கு, எல்லாம் வேண்டும் என்றார். மார்கழி இருபதாம் திகதி ஆய்வைத் தேற விடுவதா என்று முடிவெடுக்கும் மூவர் குழு கூடும்; அதற்குள் முடிக்காவிட்டால் மாற்றத்துக்குத் தன்னால் சிபாரிசு செய்ய ஏலாது என்றும் சொல்லிவிட்டார். சுகந்தியின் முகம் செத்துப்போனது. என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், நானும் வருகிறேன் என்று அவளோடு வெளிக்கிட்டேன்.

மாரிக் கடல். குறிகட்டுவான் துறையில் படகு ஏறியதிலிருந்து நெடுந்தீவில் இறங்கும்வரை சத்தியெடுத்தேன். சுகந்தி என் தலையைப் பிடித்துக்கொண்டு, தோட்டக்காரிக்குக் கடல் ஒத்துவராது என்று பகிடி பண்ணிக்கொண்டே வந்தாள்.

முதல் வீடு பத்திநாதருடையது. சின்ன வயதிலிருந்து அவள் மாமா என்று கூப்பிடும் கடல்தொழிலாளி. கறிக்கு எடுப்பது இரண்டு கிலோ வரும் என்று உடனே சொன்னார். அதில் வெளியில் யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று அவள் கேட்டதும் மனிதர் வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

“அதை மட்டும் கேக்காதை பிள்ளை.”

அன்றைக்கும் அடுத்த நாளும் போன பதினாறு வீட்டிலும் அதே கதைதான். முதல் கேள்விக்குப் பதில், இரண்டாவதற்கு மௌனம். சுகந்திக்குக் கோபம் தலைக்கேறியது. தன் சனமே தன்னைக் கவிழ்க்கிறது என்று வழியெல்லாம் பொருமினாள். வெளியில் கொடுப்பது யாருக்கென்று கேட்டால், வாங்குகிற வீடுகளின் மானம் சந்திக்கு வந்துவிடும் என்பது எனக்கு ஓரளவு விளங்கியது. ஆனால் பத்திநாதர் அவள் முகத்தையே பார்க்காதது ஏன் என்று விளங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் மட்டும் பத்திநாதர் வீட்டுக் குசினிக்குப் போய் அவருடைய மனிசி மாக்கிறேற்றிடம் கேட்டேன். அவர் அடுப்பை ஊதிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அவளின்ர தேப்பன் போனாப்பிறகு ஒன்பது வருசம் இந்தக் கரைதான் அந்த வீட்டுக்குக் கறி குடுத்தது. வீட்டுக்கு வீடு முறை வைச்சு, விடியமுதல் மீனை வாசல் படலையிலை கொழுவிப்போட்டு வருவம். அப்பான்ர வலைக்குக் கிடைக்கிற பங்கு எண்டு தாய் அவளுக்குச் சொல்லி வைச்சிருக்கிறா. வலையும் வள்ளத்தோடைதான் போனது, பிள்ளை. இப்ப அவளே வந்து ஆருக்குக் குடுக்கிறியள் எண்டு கேட்டா, இந்த மனிசன் என்னெண்டு வாய் திறக்கும்?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்று மத்தியானம் சுகந்தி மறுபடியும் அந்தச் சனத்தைத் திட்டத் தொடங்க, என்னால் பொறுக்க முடியவில்லை. வழியில் ஒரு கல்வேலியோரம் அவளை நிறுத்தி, கேட்டதையெல்லாம் கொட்டிவிட்டேன். அவள் நேரே வீட்டுக்குப் போய்த் தாயிடம் கேட்டாள். மேரிறோஸ் அன்ரி, “ஓம்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் சுகந்தி கொண்டுவந்த கேள்விப் படிவங்களை எடுத்து, இரண்டாவது கேள்வியைப் பேனையால் வெட்டத் தொடங்கினாள். நூற்றுப் பன்னிரண்டு தாளிலும் வெட்டினாள். மாற்றம் கிடையாமல் போகுமடி என்றேன். “போகட்டும்” என்றாள். பிறகு பத்தொன்பது நாள் மழையிலும் காற்றிலும் நடந்து, மிச்ச எல்லா வீட்டிலும் முதல் கேள்வியை மட்டும் கேட்டு முடித்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு களைப்பும் அவ்வளவு சிரிப்பும் வேறு எந்த நாட்களிலும் இருந்ததில்லை.

குழு கூடிய அன்று நான் பின் வாங்கில் இருந்தேன். வெளியிலிருந்து வந்த பரீட்சகர் தாள்களைப் புரட்டிவிட்டு நேராக வெட்டின கேள்விக்குத்தான் வந்தார். வெளியில் கொடுக்கும் மீன் யாருக்குப் போகிறது என்று ஏன் கேட்கவில்லை?

கேட்டால் அந்த வீடுகளை ஊருக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்றாள் சுகந்தி. அப்படியான வீடுகள் இருப்பதைத் தாங்கள் எதை வைத்து நம்புவது என்று அவர் விடாமல் கேட்டார். ஆழ்வாப்பிள்ளை மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

“ஒரு வீட்டின்ர பேர் மட்டும் சொல்லலாம், சேர். எங்கட வீடு. ஒன்பது வருசம் வந்தது.”

பரீட்சகர் குரலைத் தணித்து, கிழமைக்கு எத்தனை கிலோ வந்திருக்கும் என்று கேட்டார்.

“ஒருத்தரும் நிறுத்துத் தரேல்லை, சேர். ஆனா நான் ஒரு நாளும் பசியோடை பள்ளிக்கூடம் போகேல்லை.”

பரீட்சகர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கலாநிதிப் படிப்புக்கு மாற்றும் தாளில் குழுவின் மூன்று பேரும் அன்றைக்கே கையெழுத்து வைத்தார்கள். நான் வெட்கமில்லாமல் விக்கி விக்கி அழுதேன்.